வாசனைச் சட்டி புகைந்தால் என்ன செய்வது?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மணி ஒன்பதரை இருக்கும். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். நாற்றுமேடையில் வேலை செய்யும் ஓர் அக்காள், பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பையனுக்கு ஆறு வயது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவன். நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல் விசில் சத்தம். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

"இன்ஹேலர் கொடுக்கலையாக்கா?"

"கொடுத்தேங்க ஐயா. கொஞ்ச நேரம் கேட்டுச்சு. மறுபடியும் இழுக்குது. இந்த மாசத்துல இது மூணாவது தடவ. மழைக்காத்து ஒத்துக்கல போல."

கிளினிக்கைத் திறந்து நெபுலைசர் வைத்தோம். அரை மணி நேரத்தில் பையன் தலையைத் தூக்கித் தண்ணீர் கேட்டான். அதற்குப் பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் கவனித்தேன். அக்காளின் சேலையில் ஒரு வாசம். பூ வாசம் போல இருக்கிறது, ஆனால் கருகிய வாடையும் கூடவே வருகிறது.

"என்னக்கா இது, கருகின வாசம்?"

"அதுவாங்க... மக வாங்கிக் கொடுத்த வாசனைச் சட்டி. கொஞ்ச நாளா புகையுது. வெள்ளிக்கிழமைன்னா கொஞ்சம் கூடுதலா வைப்பேன்."

வாரத்தில் ஒரு நாள் லயத்தைச் சுற்றிப் பார்ப்பது என் வேலை. மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே நான் பார்த்ததைத்தான் இந்த இதழில் எழுதப் போகிறேன். ஏனென்றால் அந்தச் சட்டி இன்றைக்கு அந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. பாசார் மாலாமிலும் போன் கடையிலும் வாங்கி, லயத்தில் வீட்டுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

வாசனைச் சட்டி என்பது என்ன?

கடைக்காரர்கள் இதை வேக்ஸ் வார்மர் என்கிறார்கள். மேலே ஒரு சிறு தட்டு. கீழே சூடு. தட்டில் வாசனை எண்ணெய் கலந்த மெழுகுக் கட்டியை வைத்தால் அது உருகி வீடெல்லாம் மணக்கும். கட்டிக்குத் திரி கிடையாது. அது எரிய வேண்டியதில்லை, உருகினால் போதும்.

சூடு கொடுப்பதில் மூன்று வகை உண்டு. ஒன்று, பல்பு வகை. இரண்டு, இட்லிச் சட்டி போல அடியில் மின்தகடு உள்ள வகை. மூன்று, கரண்டு இல்லாமல் அடியில் சிறு மெழுகுவர்த்தி ஏற்றும் வகை.

இந்த மெழுகு உருக எவ்வளவு சூடு வேண்டும்? ஏறக்குறைய 50, 60 டிகிரி போதும். கொதிக்கிற தண்ணீரின் சூட்டில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் மெழுகு புகையவே கூடாது. ஆகவே முதல் பாடம் இது: "லேசாகப் புகைவது வழக்கம்தான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புகைகிறது என்றால் எங்கேயோ சூடு அளவுக்கு மீறிப் போய்விட்டது.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். பிறகு மண்ணெண்ணெய் விளக்குத்தான். விளக்கு புகைந்தால் பாட்டி என்ன செய்வார்? திரியைக் கீழே இறக்குவார். புகை வாடைக்கு ஊதுபத்தி ஏற்றி மறைக்க மாட்டார். அந்தப் புத்தி நமக்கு எங்கே போயிற்று?

புகையே பற்றி எரியும்

இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி இருந்தார். கொல்லர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். அவர் 1860ஆம் ஆண்டுக் கடைசியிலும் 1861 தொடக்கத்திலும் லண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். அவர் காட்டிய ஒரு சோதனை நமக்கு வேண்டியது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் வெள்ளைப் புகை எழும் அல்லவா? அந்தப் புகைக்குச் சற்றுத் தள்ளித் தீயைக் காட்டினால், தீ புகை வழியாகவே ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும். அதாவது அந்த வெள்ளைப் புகை வெறும் புகை அல்ல. மெழுகின் ஆவி அது. எரியக்கூடியது.

சட்டியிலிருந்து வெள்ளையாக எழுவதும் இதே சமாச்சாரம்தான். பக்கத்தில் சாமி விளக்கோ, கணவர் பற்றவைக்கும் சிகரெட்டோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புகைந்தவுடன் செய்ய வேண்டியது

1. சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். மெழுகுவர்த்தி வகையானால் அடியிலுள்ள சுடரை முதலில் அணையுங்கள்.

2. சட்டியைத் தூக்காதீர்கள். உருகிய மெழுகு கையில் கொட்டினால் ஒட்டிக்கொண்டே சுடும். ஆறும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

3. தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதிகமாகச் சூடேறிய மெழுகில் தண்ணீர் விழுந்தால், தாளிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்த மாதிரி வெடித்துச் சிதறும்.

4. தட்டில் தீயே பிடித்துவிட்டால், கைக்கு எட்டினால் ஒரு பானை மூடியை மெதுவாக மேலே கவிழ்த்து மூடுங்கள். காற்றுப் போகாவிட்டால் தீ அணைந்துவிடும். உடனே மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். தீ திரைச்சீலைக்கோ பலகைக்கோ தாவிவிட்டால் சாமானைக் காப்பாற்ற நிற்க வேண்டாம். எல்லாரும் வெளியே வந்து 999க்கு அழையுங்கள்.

5. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் வயதானவர்களையும் அஞ்சடிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

எதனால் புகைகிறது? ஒவ்வொன்றாகப் பாருங்கள்

சட்டி நன்றாக ஆறிய பிறகு காரணத்தைத் தேட வேண்டும். முதலில் புகை எங்கிருந்து வந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தட்டிலிருந்து வெள்ளையாக வந்ததா? அடியிலிருந்து கறுப்பாக வந்ததா? வயரிலிருந்தோ பிளக்கிலிருந்தோ பிளாஸ்டிக் கருகிய வாடையோடு வந்ததா? கடைசியாகச் சொன்னதானால் மேற்கொண்டு ஆராய்ச்சியே வேண்டாம். அதைக் குப்பையில் போடுங்கள். முப்பது வெள்ளிச் சாமானுக்காக வீட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

*தட்டு அழுக்காக இருக்கிறதா?* பழைய மெழுகை எடுக்காமல் மேலே மேலே புதுக் கட்டி போடுகிறோம். தூசி, கொசு, ஈசல், தலைமுடி எல்லாம் அதில் விழுந்து அடியில் தங்கிக் கருகும். வாசம் போன மெழுகை மாற்றிவிட வேண்டும். ஆறிய சட்டியைச் சில நிமிடம் மட்டும் சூடாக்கினால் ஓரம் இளகும். அணைத்துவிட்டு, தட்டு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கட்டியாகவே எடுத்துக் குப்பையில் போடலாம். மீதியைக் காகிதத்தால் துடையுங்கள். உருகிய மெழுகைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். தட்டைக் கழுவினால் ஈரம் போகத் துடைத்த பிறகே மெழுகு வைக்க வேண்டும்.

*மெழுகு மிகக் குறைவா?* சிக்கனமாக இருக்கட்டும் என்று கால் துண்டு போட்டால் தட்டில் தாள் போலப் பரவி, சீக்கிரம் சூடேறிக் கருகும். நிறையப் போட்டால் வழிந்து பல்பின் மேல் விழும். பெட்டியில் எத்தனை கட்டி என்று போட்டிருக்கிறதோ அத்தனையே போடுங்கள்.

*பல்பு மாறிவிட்டதா?* அந்த அக்காள் வீட்டில் நான் கண்டது இதுதான். சட்டியின் அடியில் 35 வாட் என்று ஒட்டியிருந்தது. உள்ளே இருந்ததோ 50 வாட். பழைய பல்பு போனதும் கடையில் இருந்ததை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இரண்டும் பார்க்க ஒரே அச்சு. பொருந்துகிறது என்பதற்காகச் சரியான பல்பு என்று அர்த்தமில்லை. எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். எல்இடி பல்பும் உதவாது. அதில் வெளிச்சம் இருக்கும், மெழுகு உருகும் அளவுக்குச் சூடு இருக்காது. திருகு வைத்த சட்டியானால் எப்போதும் குறைத்தே வையுங்கள்.

*வெளிநாட்டுச் சாமானா?* நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கா, தைவான் போன்ற நாடுகளில் 110, 120 வோல்ட். அந்த ஊருக்காகச் செய்த மின்தகட்டுச் சட்டியை நம் பிளக்கில் சொருகினால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிவிடும்! முனையில் ஓர் அடாப்டரைச் சொருகினால் பிளக்கின் வடிவம்தான் மாறும், வோல்ட் மாறாது. அடியிலுள்ள சீட்டில் 220-240 என்று இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கும் அடாப்டரும் சிரிம் முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

*வேறு எதையாவது ஊற்றினீர்களா?* மெழுகில் வாசம் போய்விட்டது என்று மேலே அத்தர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சூடம், சாம்பிராணித் தூள் எல்லாம் போடுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். சூடம் எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசனை எண்ணெய்க்கென்று தண்ணீர் ஊற்றி வைக்கும் சட்டி தனியாக உண்டு. அது வேறு, இது வேறு. மெழுகுச் சட்டியில் தண்ணீருக்கு இடமில்லை. வீட்டிலேயே கட்டி செய்து விற்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 10 கிராம் வரைதான் வாசனை எண்ணெய் சேர்ப்பது வழக்கம். கூட ஊற்றினால் அது மெழுகில் சேராமல் மேலே மிதந்து புகையும்.

*மெழுகுவர்த்தி வகையா?* கறுப்புப் புகையும் தட்டின் அடியில் கரியும் இருந்தால் சுடர் சரியாக எரியவில்லை என்று பொருள். திரி நீளமாக இருக்கும், அல்லது காற்றாடிக் காற்றில் சுடர் ஆடும், அல்லது சட்டியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கும். திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். காற்றாடிக்கு நேராக வைக்காதீர்கள். சீக்கிரம் உருகட்டும் என்று இரண்டு மெழுகுவர்த்தியை அடியில் வைக்காதீர்கள்.

*எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?* இரவு முழுக்க எரியவிட்டுத் தூங்குவது, வேலைக்குப் போகும்போது அணைக்க மறப்பது இரண்டும் ஆபத்து. வீட்டில் பெரியவர் ஒருவர் விழித்திருக்கும் நேரம் மட்டும் போதும்.

இத்தனையும் சரி செய்த பிறகும் புகைகிறதா? சட்டியே கெட்டுப்போயிற்று. தூக்கிப் போடுங்கள்.

உடம்புக்கு என்ன கெடுதல்?

2015 அக்டோபரில் புகைமூட்டம் வந்தபோது பள்ளிக்கூடங்களையே மூடினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்போது நாம் ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணி தொங்கவிட்டோம். இன்றைக்குச் சாத்திய ஜன்னலுக்கு உள்ளே நாமே புகைமூட்டம் போடுகிறோம்.

கருகும் மெழுகிலிருந்தும் வாசனை எண்ணெயிலிருந்தும் வரும் புகையில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். கூடவே ஃபார்மால்டிஹைட் போன்ற எரிச்சலூட்டும் ஆவிகளும் உண்டு. கண் எரியும், தொண்டை கரகரக்கும், தலை வலிக்கும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இழுக்கும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இது ஆகாது. சோயா மெழுகு, இயற்கை மெழுகு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கருகினால் எல்லாம் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்குப் புகையே இல்லாமல் வெறும் வாசனை பட்டாலே இழுப்பு வரும். உங்கள் பிள்ளை அப்படியானால் சட்டி எவ்வளவு நல்ல சட்டியாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு வேண்டாம். சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் எரிந்தே புகைவதால் இதைவிடக் கூடுதல் புகை தரும். சாமிக்குக் காட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கதவு ஜன்னலைத் திறந்துவைத்துக் காட்டுங்கள், பிள்ளையை அந்த நேரம் வெளியே வைத்திருங்கள்.

பிள்ளை ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினால், விலாவும் கழுத்தும் குழிந்தால், உதடு நீலம் பூத்தால், இன்ஹேலர் அடித்தும் கேட்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள், அல்லது நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கும் 999தான்.

மெழுகு சுட்டுவிட்டால்

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். பற்பசை, கிச்சாப், மார்ஜரின், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். பூசிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் அதைக் கழுவ வேண்டியிருக்கிறது. அந்த வலியைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு வாருங்கள். முகம், கை, மூட்டு, அல்லது சுட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய புண் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். சிறு பிள்ளை என்றால் புண் சின்னதாக இருந்தாலும் கொண்டுவாருங்கள்.

சிவப்பும் பச்சையுமாக இருக்கும் இந்தக் கட்டிகள் அகார்-அகார் போலவே இருப்பதால் சிறு பிள்ளைகள் வாயில் போட்டுவிடும். தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அந்த வீட்டில் மிச்சம் இருந்த விஷயம்

அக்காளிடம் கேட்டேன். "புகையுதுன்னு தெரிஞ்சும் ஏங்கா வச்சீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "மக பாக்டரியில மொத சம்பளம் வாங்கி அனுப்புனதுங்க ஐயா. புகையுதுன்னு சொன்னா மனசு சங்கடப்படும். அதுவுமில்லாம இந்தச் செவுத்தப் பாருங்க. மழ பேஞ்சா ஒழுகுது. வீடே நாறுது. வர்றவங்க மூக்கப் பிடிக்கிறாங்க."

அலமாரிக்குப் பின்னால் பார்த்தேன். சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அந்தப் பூஞ்சணமே பிள்ளைக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவரும். அதை மறைக்க ஏற்றிய சட்டியும் சேர்ந்து இழுப்பைக் கூட்டியிருக்கிறது.

வாசனை வீட்டைச் சுத்தம் செய்யாது தோழர்களே. நாற்றத்தை மூடி வைக்கும், அவ்வளவுதான். ஈர நாற்றம் என்றால் கூரையைப் பார்க்க வேண்டும். சாக்கடை நாற்றம் என்றால் சாக்கடையைப் பார்க்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்பைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், அதாவது 446ஆவது சட்டம் சொல்கிறது. ஒழுகும் கூரையை வாய்வார்த்தையாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். தோட்டக் கமிட்டி வழியாக எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுக்கு நானும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். தகரம் மாற்ற ஆள் வந்தது. சுவரைச் சுரண்டிக் காயவைத்தார்கள். சட்டியை நானே கழுவி, 35 வாட் பல்பு மாட்டிப் பார்த்தேன், புகையவில்லை. ஆனாலும் பேரன் இருக்கும் வீட்டில் அதை ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மகளுக்கு அக்காளே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாராம். மகள் கோபிக்கவில்லை. "மொதல்லயே ஏம்மா சொல்லல?" என்று அழுததாம்.

பையனின் ஆஸ்துமா குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பொழுதுக்கும் அடிக்க வேண்டிய இன்ஹேலரை அடித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு இதுவரை என் கதவை யாரும் தட்டவில்லை.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் சட்டியை அணைத்து, ஆறவிட்டு, தலைகீழாகத் திருப்பி அடியிலுள்ள சீட்டைப் படியுங்கள். வாட் எத்தனை, வோல்ட் எத்தனை என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.